1816-க்கும் 1823-க்கும் நடுவே

சென்ற வாரம் ஸ்டாக்ஹோமில் இருந்தோம். ஆர்தர் ஹசேலியஸ் ஸ்வீடனின் மூலை முடுக்குகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, 1891-ல் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்த கதையைப் பார்த்தோம். அந்த யோசனை அட்லாண்டிக்கைத் தாண்டியதும் அதற்கு ஒரு விசித்திரப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு நூல் நூற்பது, தச்சு வேலை பார்ப்பது எல்லாம் ஸ்கான்சனிலேயே உண்டு. அமெரிக்கர்கள் ஒரு படி மேலே போனார்கள். உடுப்பைப் போட்டவர் அந்தக் காலத்து ஆளாகவே மாறிவிட வேண்டும். தன் காலத்துக்குப் பிறகு நடந்த எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

இந்தப் பழக்கத்தில் பேர் வாங்கிய இடங்களில் ஒன்று கானர் பிரெய்ரி. இண்டியானா மாநிலம், இண்டியானாபொலிஸ் நகருக்கு வடக்கே ஃபிஷர்ஸ் என்ற ஊர். ஒயிட் ரிவர் ஆற்றங்கரையில் எண்ணூறு ஏக்கருக்கு மேல் நிலம். அதன் மூல விக்ரகம் ஒரு செங்கல் வீடு. வில்லியம் கானர் என்ற தோல் வியாபாரி 1823-ல் ஆற்றைப் பார்த்த மேட்டில் கட்டிய இரண்டு மாடி வீடு. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடில்களே வீடு என்றிருந்த பிரதேசத்தில் எழுந்த முதல் செங்கல் வீடுகளில் ஒன்று.

வீட்டைச் சுற்றி ஆண்டுகளைப் பேட்டை பேட்டையாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் 1816: லெனாபே மக்களின் முகாமும் தோல் வாங்கும் கடையும். மேட்டில் 1823: கானரின் வீடு. இன்னொரு பக்கம் 1836: பிரெய்ரிடவுன் என்ற கற்பனைக் கிராமம். அப்புறம் 1859-க்கு ஒரு பலூன், 1863-க்கு உள்நாட்டுப் போர். பின்னால் வந்த இரண்டையும் இந்தக் கட்டுரை தொடப்போவதில்லை. பலூனில் ஏறிப் பார்க்கிற ஆசை எனக்கும் உண்டு என்பது வேறு விஷயம்.

முதலில் 1836. இந்தக் கிராமம் 1970களில் எழுந்தது. வீடுகள் பழையவை. இண்டியானாவின் பல இடங்களிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. கிராமம்தான் ஒருநாளும் இருந்ததில்லை. கொல்லன் உண்டு, குயவர் உண்டு, தச்சர், டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர் உண்டு. வழிப்போக்கர் தங்க கோல்டன் ஈகிள் என்ற சத்திரம் உண்டு. ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், மதம், அரசியல், கடன், பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு மனத்தாங்கல் என்று எழுதிவைத்த வரலாறு உண்டு. ஜனாதிபதி யாரென்று கேட்டால் ஆண்ட்ரூ ஜாக்சன் என்பார்கள். சிலர் பெருமையாக, சிலர் காறித் துப்பாத குறையாக. ஆபிரகாம் லிங்கனைக் கேட்டால் அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்த ஆண்டு அவர் பக்கத்து இல்லினாயில் 27 வயது சட்டமன்ற உறுப்பினர்.

இது என்ன சிறுபிள்ளை விளையாட்டு என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆண்டைத் தேர்ந்தெடுத்தவரின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். 1836 இண்டியானாவுக்குத் தலைகால் புரியாத ஆண்டு. ஜனவரியில் மாநில அரசு ஒரு கோடி டாலர் கடன் வாங்கி கால்வாய், சாலை, ரயில் பாதை எல்லாம் போடுவதாகச் சட்டம் நிறைவேற்றியது. அதில் மத்திய கால்வாய் என்பது ஏறக்குறைய முந்நூறு மைல் நீளத்துக்குத் திட்டம். இதே ஒயிட் ரிவர் பள்ளத்தாக்கு வழியாக வரப்போகிறது என்று பேச்சு. அரசு நிலம் ஏக்கர் ஒன்றே கால் டாலர். கடன் வாங்கியாவது வாங்கிப்போட்டவர் நாளைக்குப் பணக்காரர். ஜூலையில் ஜாக்சன் ஓர் உத்தரவு போட்டார்: அரசு நிலம் வாங்க இனி தங்கமோ வெள்ளியோதான் தர வேண்டும், வங்கிகள் அச்சடித்த தாள் செல்லாது. அடுத்த ஆண்டு மே மாதம் நாடு முழுக்க வங்கிகள் தாளுக்குத் தங்கமும் வெள்ளியும் தருவதை நிறுத்தின. மத்திய கால்வாயில் தண்ணீர் ஓடியது இண்டியானாபொலிஸ் பக்கம் எட்டு மைல் தூரம்தான். 1841-ல் மாநிலத்தால் வட்டி கட்ட முடியவில்லை. மாநிலம் கடன் வாங்கவே கூடாது என்று 1851 அரசியல் சட்டத்தில் எழுதிவைக்கும் அளவுக்குச் சூடு பட்டார்கள்.

பார்வையாளருக்கு இதெல்லாம் தெரியும், அல்லது பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தெரிந்துகொள்ளலாம். கிராமத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கடைக்காரர் கால்வாய் வரும் என்று நம்பி சரக்கு வாங்கிப் போட்டிருப்பார். அவரிடம் போய் "வேண்டாம் ஐயா, விற்றுவிடுங்கள்" என்று சொல்லத் தோன்றுகிறது பாருங்கள், அதுதான் இந்த முறையின் வெற்றி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த டாலர் நோட்டால் அந்தப் பதைப்பைத் தர முடியாது.

இனி கைவேலைகள். எல்லைப்புற வாழ்க்கையில் உயிர்ப்பிக்க மிகச் சுலபமானது இதுதான். அடுப்பு எரிந்தால் கூட்டம் தானாகச் சேரும். சுவரோடு கட்டிய அகன்ற கணப்பு. அதற்குள் திருப்பி வெளியே இழுக்கக்கூடிய இரும்புக் கரம், அதில் தொங்கும் கெட்டில். ரொட்டி சுட மூன்று கால் வைத்த கனத்த இரும்புச் சட்டி. கீழே கங்கு, மூடிமேலும் கங்கு. மூடிக்கு விளிம்பு இருப்பது கங்கு சரியாமல் இருக்கத்தான். செங்கல் அடுப்பின் சூட்டை அளக்கக் கையை உள்ளே நீட்டி எண்ணுவார்கள். எந்த எண் வரை பொறுக்க முடிகிறது என்பதை வைத்து ரொட்டிக்குச் சரியா, பணியாரத்துக்குச் சரியா என்று முடிவு. கானரின் வீட்டில் விருந்தினரே கணப்பில் சமைத்துச் சாப்பிடும் இரவு விருந்துகளும் நடத்தியிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் பொறாமையோடுதான் எழுதுகிறேன். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் அடுப்பில் வெந்த பண்டத்தை வாசம் பிடித்துவிட்டு நகர வேண்டியதுதான். சுகாதார விதி வாயில் வைக்க விடாது.

அந்த அடுப்பின் சாம்பலைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுதலாம். கெட்டி மரத்தின் சாம்பலை ஒரு மரத் தொட்டியில் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் பழுப்பு நிறக் காரநீர் சொட்டும். அது போதிய காரமா என்று பார்க்க ஒரு முட்டையைப் போடுவார்கள். முட்டை மிதந்து, மேலே ஒரு நாணய அளவுக்கு ஓடு தெரிந்தால் சரி. அந்த நீரோடு பன்றிக் கொழுப்பைச் சேர்த்து வெளியில் பெரிய கொப்பரையில் மணிக்கணக்கில் காய்ச்சினால் சோப்பு. கட்டிச் சோப்பை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். மரச்சாம்பலில் இருப்பது பொட்டாசியம், அது தருவது கூழ் போன்ற சோப்பு. பீப்பாயில் ஊற்றிவைத்து அள்ளி அள்ளித் துவைத்தார்கள்.

அதே காரநீரில் காய்ந்த மக்காச்சோளத்தை வேகவைத்தால் மேல்தோல் கழன்று வரும். பலமுறை அலசி எடுத்தால் ஊதிப் பெருத்த வெள்ளை மணிகள் கிடைக்கும். ஹோமினி என்று பெயர். எல்லைப்புறத்து வெள்ளையர் சாப்பாட்டில் மக்காச்சோளம் இல்லாத வேளை அபூர்வம். பயிரும் இந்தப் பக்குவமும் இரண்டுமே பூர்வகுடிகளிடம் கற்றவை. பக்குவத்துக்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற சத்து காரநீர் பட்டால்தான் உடம்பில் சேரும் நிலைக்கு வருகிறது. காரநீர் காட்டாமல் வெறும் மாவாக அரைத்து அதையே மூன்று வேளையும் சாப்பிட்டவர்களுக்கு பெலக்ரா வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெற்கின் ஏழைகளை வாட்டியது அந்த நோய். சோப்பு காய்ச்சும் தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு இதை ஒரு குழந்தைக்குச் சொல்லலாம். வகுப்பறையில் சொன்னால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும்.

ஆனால் கைவேலையில் ஒரு வசீகரமான பொய்யும் ஒளிந்திருக்கிறது. எல்லைப்புறத்தார் தங்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டார்கள் என்ற பொய். ராட்டையைச் சுற்றிக் காட்டினாலே அந்த எண்ணம் வந்துவிடும். ஆளியை ஊறவைத்து, உடைத்து, சீவி, நூற்று, கம்பளி நூலோடு சேர்த்து நெய்த முரட்டுத் துணி உண்மைதான். ஆனால் எல்லார் வீட்டிலும் தறி இருந்ததில்லை. 1836-க்குள் கடையில் ஆலைப் பருத்தித் துணி வந்தாகிவிட்டது. உப்பு, இரும்பு, காப்பிக்கொட்டை, பீங்கான் எல்லாம் ஆற்று வழியாகவும் வண்டிப் பாதையாகவும் வந்தன. இறந்தவரின் சொத்துக்கு நீதிமன்றம் எடுக்கும் பட்டியல்கள் இருக்கின்றனவே, வீட்டு அருங்காட்சியகங்களுக்கு அவைதான் வேதம். எத்தனை நாற்காலி, எத்தனை கட்டில், எத்தனை கிழிந்த போர்வை என்று ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். வீட்டின் சாமான்களை அந்தப் பட்டியலை வைத்துத்தான் நிரப்புகிறார்கள். பட்டியலைப் பார்க்கப் பார்க்க, தன் கையே தனக்குதவி என்று வாழ்ந்த தனி வீரன் மெல்லக் காணாமல் போய், கடன் கணக்கு வைத்திருக்கும் ஒரு குடும்பஸ்தன் தென்படுகிறான்.

நடிக்கவே முடியாத ஒன்று நோய். இண்டியானாவின் சதுப்பு நிலங்களில் மலேரியா அன்று நிரந்தரக் குடியிருப்பாளர். 1821 கோடையில் புதிதாக எழுந்த இண்டியானாபொலிசில் ஏறக்குறைய எல்லோரும் காய்ச்சலில் படுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கம். நடுங்காத நாளில் உழவு. அழுகும் தழைகளிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பினார்கள். கொசுவை யாரும் சந்தேகிக்கவில்லை. குயினைன் 1820-ல் பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது என்றாலும் டாக்டரின் கை முதலில் போனது ரத்தம் எடுக்கும் கத்திக்கும் பாதரச மருந்துக்கும்தான். தெற்கு இண்டியானாவில் 1818-ல் லிங்கனின் தாய் நான்சி இறந்தது இன்னொரு நோயால். பசு ஒரு விஷச் செடியைத் தின்றால் அதன் பாலும் விஷம். மகனுக்கு அப்போது 9 வயது. வேடம் போட்டவர் தன் கதையாக "போன வருஷம் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தேன்" என்று சொல்லலாம். கேட்பவர் ஒரு கணம் மௌனமாவார். பக்கத்து அறையில் ரொட்டி வாசம் வந்ததும் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பார்வையாளர் என்ன எடுத்துக்கொண்டு போகிறார் என்று கானர் பிரெய்ரியே ஒரு கட்டத்தில் விசாரித்தது. 2000களின் தொடக்கத்தில், வந்த குடும்பங்களின் சம்மதத்தோடு அவர்கள் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு முழுச் சுற்றின் பேச்சையும் பதிவுசெய்தார்கள். கேட்டபோது சங்கடம். வேடம் போட்டவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். தகவல் தகவலாக, மூச்சு விடாமல். குடும்பத்தார் ம், ம் என்றார்கள். குழந்தை எதையாவது கேட்க வாயெடுத்தால் பேச்சு அதன்மேல் ஏறிப் போனது. குடும்பத்தாருக்குள் பேச்சே எழவில்லை. எத்தனையோ ஆண்டு உழைத்து பாத்திரங்களின் வரலாற்றை மனப்பாடம் செய்தவர்களுக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்! பிறகு பயிற்சியைத் தலைகீழாக மாற்றினார்கள். வந்தவர் எதைப் பார்க்கிறார் என்று முதலில் பார், ஒரு வேலையைக் கையில் கொடு, கேள்வி வரும்வரை பொறு. மறுபடி பதிவுசெய்தபோது குடும்பங்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தன. அருங்காட்சியகத் துறையில் நான் படித்த ஆராய்ச்சிகளில் இத்தனை நேர்மையானது குறைவு. தன் குரலையே ஒட்டுக்கேட்டுவிட்டு, வாயை மூடக் கற்றுக்கொள்கிற நிறுவனங்கள் எத்தனை?

இனி மேட்டின் மேல் இருக்கும் வீட்டுக்குப் போவோம். அங்கே சிக்கல் வேறு மாதிரி.

வில்லியம் கானர் 1777-ல் பிறந்தவர். தாயார் சிறுமியாக ஷானி மக்களிடம் சிறைப்பட்டு வளர்ந்தவர். மகன்கள் பூர்வகுடிகளுக்கு நடுவே, அவர்கள் மொழி பேசி வளர்ந்தார்கள். 1800 வாக்கில் வில்லியமும் அண்ணன் ஜானும் ஒயிட் ரிவர் கரைக்கு வந்து லெனாபேக்களிடம் தோல் வாங்கத் தொடங்கினார்கள். டெலவேர் ஆற்றங்கரையிலிருந்து தலைமுறை தலைமுறையாக மேற்கே தள்ளப்பட்டு அங்கே வந்து சேர்ந்திருந்த மக்கள் அவர்கள். வெள்ளையர் டெலவேர் என்றே அழைத்தார்கள். வில்லியம் மெக்கிஞ்சஸ் என்ற லெனாபேப் பெண்ணை மணந்தார். ஆறு பிள்ளைகள். மரக்குடிலில் குடும்பம், பக்கத்தில் வியாபாரம்.

1818 அக்டோபரில் ஒஹாயோவின் செயின்ட் மேரீஸில் உடன்படிக்கை. இண்டியானாவில் தங்களுக்கு இருந்த உரிமை முழுவதையும் லெனாபேக்கள் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு மிசிசிப்பிக்கு மேற்கே நிலம், 120 குதிரைகள், ஆண்டுக்கு நாலாயிரம் டாலர், கிளம்ப மூன்றாண்டு அவகாசம். அங்கே துபாஷி வேலை பார்த்தவர்களில் வில்லியம் கானரும் ஒருவர். தன் மனைவியும் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போக வழி வகுக்கும் வாசகங்களை அவர் வாயாலேயே லெனாபே மொழியில் சொல்லியாக வேண்டியிருந்தது. அன்று அவருக்குள் என்ன ஓடியது என்று எந்தத் தாளிலும் இல்லை.

1820 மே மாதம் புதுத் தலைநகருக்கு இடம் தேட மாநிலம் நியமித்த கமிஷனர்கள் கானரின் குடிலில்தான் கூடினார்கள். லெனாபேக்கள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. இண்டியானாபொலிஸ் எங்கே வர வேண்டும் என்ற பேச்சு மெக்கிஞ்சஸ் வீட்டுத் திண்ணையில் தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம். சில மாதங்களில் அவரும் ஆறு பிள்ளைகளும் தங்கள் மக்களோடு மேற்கே போய்விட்டார்கள். கானர் போகவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் எலிசபெத் சாப்மன் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணை மணந்தார். மூன்று ஆண்டில் செங்கல் வீடு எழுந்தது. புதிதாகப் பிறந்த ஹாமில்டன் மாவட்டத்தின் ஆரம்பக் கூட்டங்கள் அங்கே நடந்தன. தபால் அங்கே வந்தது. கானர் நிலம் வாங்கி விற்றார், நோபிள்ஸ்வில் என்ற ஊரை நிறுவியவர்களில் ஒருவரானார், சட்டமன்றத்துக்குப் போனார்.

இப்போது அருங்காட்சியகத்தின் வரைபடத்தை மனசில் விரித்துக்கொள்ளுங்கள். 1816 முகாம், 1823 வீடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோகும் நேரம் சில நிமிடம். 1820 அந்த நடைபாதையில் விழுந்துவிடுகிறது. முகாமில் மெக்கிஞ்சஸின் உலகம் இருக்கிறது, வீட்டில் எலிசபெத்தின் பீங்கான் கோப்பைகள் இருக்கின்றன. இந்த இடத்தில் நடந்த மிகப் பெரிய சம்பவத்துக்கு வீடு இல்லை. அதற்கு அடுப்பும் இல்லை, ராட்டையும் இல்லை. புறப்பட்டுப் போவதை எப்படி ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு நடித்துக் காட்டுவது?

வீட்டைக் காப்பாற்றியவரின் கதையும் இதோடு பின்னிக்கிடக்கிறது. 1934-ல் இடிந்துகொண்டிருந்த வீட்டை விலைக்கு வாங்கியவர் ஈலை லில்லி. 1923-ல் இன்சுலினைப் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கியதே அந்த மருந்துக் கம்பெனியின் வாரிசு. வரலாற்றிலும் தொல்லியலிலும் உண்மையான பித்து கொண்டவர். வீட்டைச் சீராக்கினார், பழைய மரக்குடில்களைக் கொண்டுவந்து வைத்தார், 1964-ல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் எர்லம் கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்தார். ஆனால் 1930களின் பணக்கார அமெரிக்கருக்கு முன்னோர் வீடு எப்படி இருந்தால் பிடிக்குமோ அந்தச் சாயல் சீரமைப்பில் ஏறிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் மறுபடி ஆராய்ந்து திருத்த வேண்டியிருந்தது.

லில்லியின் இன்னொரு பித்து வாலம் ஓலம். மரக்குச்சிகளில் சித்திர எழுத்தாக எழுதிய லெனாபேக்களின் புராதன வரலாறு என்று சொல்லி, ரஃபினெஸ்க் என்ற இயற்கையியலாளர் 1830களில் வெளியிட்டது. குச்சிகள் இண்டியானாவைச் சேர்ந்த ஒரு டாக்டரிடமிருந்து கிடைத்தன என்றார். குச்சிகளை யாரும் பார்த்ததில்லை. லில்லி அறிஞர்களைக் கூட்டி, செலவழித்து ஆராயவைத்தார். 1954-ல் இண்டியானா வரலாற்றுச் சங்கம் அதை அழகான புத்தகமாக வெளியிட்டது. 1990களில் டேவிட் ஓஸ்ட்ரைக்கர் என்ற ஆய்வாளர், அது ரஃபினெஸ்க்கே அகராதிகளைப் பார்த்துக் கட்டிய கதை என்று காட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் உண்மையான ஆவணம் அந்த வீட்டிலிருந்தே பிறந்திருக்கிறது. செயின்ட் மேரீஸ் உடன்படிக்கையில் அரசுத் தரப்புக் கமிஷனர்களில் ஒருவரான லூயிஸ் காஸ், பூர்வகுடிகளின் வழக்கங்களைச் சேகரிக்க நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்று தயாரித்தார். 1823-24 குளிர்காலத்தில் அவர் அனுப்பிய சார்ல்ஸ் ட்ரோபிரிட்ஜ் ஒயிட் ரிவர் கரைக்கு வந்து கானரிடம் உட்கார்ந்து லெனாபே மொழி, திருமணம், சடங்கு, நம்பிக்கை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். மெக்கிஞ்சஸ் போய் மூன்று ஆண்டு ஆகியிருந்தது. கானரால் பதில் சொல்ல முடிந்ததற்குக் காரணம் மெக்கிஞ்சஸோடு வாழ்ந்த ஏறக்குறைய இரண்டு பத்தாண்டுகள். வீட்டில் ஒரு காட்சியை நடித்துக் காட்ட என்னைக் கேட்டால் அந்தக் காட்சியைத்தான் கேட்பேன்: மேசையில் மைக்கூடு, எழுதும் இளைஞன், திருமணச் சடங்கைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் கானர், உள்ளறையில் எலிசபெத்.

வீடு எழுந்த மறு ஆண்டே, பக்கத்து மாவட்டத்தில் ஃபால் கிரீக் ஓரம் முகாமிட்டிருந்த செனெகா, மயாமி மக்கள் ஒன்பது பேரை வெள்ளைக் குடியேறிகள் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. 1825-ல் மூன்று பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பூர்வகுடிகளைக் கொன்றதற்காக அமெரிக்கச் சட்டப்படி வெள்ளையர் தூக்கிலிடப்பட்ட முதல் வழக்காக இதைச் சொல்கிறார்கள். இரும்புச் சட்டி ரொட்டியும் இந்தத் தூக்குமரமும் ஒரே காலம், ஒரே அக்கம்பக்கம்.

கறுப்பின மக்களின் கதையை நடித்துக் காட்ட கானர் பிரெய்ரி ஒரு துணிச்சல் செய்தது. 1998-ல் தொடங்கி இருபது ஆண்டு போல நடந்த இரவு நிகழ்ச்சி. வந்தவர்களே தப்பியோடும் அடிமைகள். இருட்டில் கூட்டமாக நடக்க வேண்டும். கண்ணைத் தரையில் பதித்துக்கொள் என்று அதட்டுவார்கள், விறகு தூக்க வைப்பார்கள், விலை பேசுவார்கள். குவேக்கர் வீட்டில் கொஞ்சம் அடைக்கலம். தாங்க முடியாதவர் வெள்ளைத் துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொள்ளலாம், அவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். கடைசியில் ஒவ்வொருவருக்கும் அவர் முடிவு சொல்லப்படும்: நீ கனடா சேர்ந்தாய், நீ பிடிபட்டாய், நீ செத்தாய். அழுதவர்கள் உண்டு, பரிசுகள் கிடைத்ததுண்டு. கறுப்பினக் குழந்தையை வகுப்போடு கூட்டிப்போய் ஏலம் விடுவதா என்ற கோபமும் கிளம்பியது. அந்தக் கோபம் நியாயமானது என்பதுதான் என் கட்சி. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கார் ஏறி வீட்டுக்குப் போகிறவர், அடிமைத்தனத்தை அனுபவித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது அதைக் கேள்விப்படாமல் இருப்பதைவிட மோசம்.

அதுவும் பக்கத்திலேயே வேறு கதை இருக்கும்போது. இண்டியானா 1831-ல் சட்டம் போட்டது: மாநிலத்துக்குள் குடியேறும் கறுப்பினத்தவர் ஐந்நூறு டாலருக்கு ஜாமீன் கட்ட வேண்டும். 1851-ல் உள்ளே வரவே கூடாது என்றது. அந்த ஜாமீன் சட்டம் இருக்கும்போதே, 1835-ல், வட கரோலினாவிலிருந்து வந்த சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்கள் இதே ஹாமில்டன் மாவட்டத்தின் வடக்கே நிலம் வாங்கி ராபர்ட்ஸ் செட்டில்மென்ட் என்ற உழவர் ஊரை அமைத்தார்கள். காட்டைத் திருத்தினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள். பிரெய்ரிடவுன் கற்பனைக் கிராமத்தின் ஆண்டு 1836. அதாவது அங்கிருந்து ஒருநாள் வண்டிப் பயணத்தில், நிஜமான எல்லைப்புறக் கிராமம் ஒன்று கறுப்பு முகங்களோடு அப்போதே இருந்தது. அருங்காட்சியகம் இந்தப் பக்கம் திரும்ப நாள் எடுத்துக்கொண்டது. அண்மையில் திறந்த பிராமிஸ்டு லேண்ட் அஸ் ப்ரூவிங் கிரவுண்ட் என்ற பகுதி கறுப்பினத்தவர் இண்டியானாவுக்கு வந்து வேரூன்றிய நீண்ட வரலாற்றைச் சொல்கிறது.

மேற்கே போனவர்களைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். லெனாபேக்கள் மிசௌரியில் சில ஆண்டு, பிறகு கன்சாஸ். மெக்கிஞ்சஸின் மகன்களில் ஒருவருக்குப் பெரியப்பாவின் பெயர், ஜான் கானர். டெக்சாஸ் பக்கம் வழிகாட்டியாகவும் வியாபாரியாகவும் அலைந்து, கன்சாஸ் திரும்பி, லெனாபேக்களின் தலைமைத் தலைவரானார். ரயில் பாதைக்கும் குடியேறிகளுக்கும் கன்சாஸ் நிலமும் தேவைப்பட்டது. 1867-ல் தம் மக்களை இன்றைய ஒக்லஹோமாவில் செரோக்கி நிலத்துக்கு இடம்பெயர்க்கும் ஒப்பந்தத்தில் லெனாபே தரப்பில் கையெழுத்திட்டவர் அவர்தான். இண்டியானாவிலிருந்து வெளியேற்றிய உடன்படிக்கைக்கு அப்பா துபாஷி. கன்சாஸிலிருந்து வெளியேற்றிய ஒப்பந்தத்துக்கு மகன் கையெழுத்து. டெலவேர் பழங்குடி இனத்தின் தலைமையகம் இன்று ஒக்லஹோமாவின் பார்டில்ஸ்வில் ஊரில் இருக்கிறது.

அடுத்த வாரம் ஒஹாயோ ஆற்றைக் கடந்து கென்டக்கியின் லூயிவில்லுக்கு. ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் என்ற எல்லைப்புறத் தளபதி, காலை இழந்து, கடனில் மூழ்கி, தங்கை வீட்டில் கடைசி ஆண்டுகளைக் கழித்த லோகஸ்ட் குரோவ்.

(தொடரும்)